மடி கட்டிய ஆடும் சாயம் பூசிய நாற்காலியும்

அல்லாஹ்வின் திருப்பெயரால்.



மதரஸாவில் கொடுக்கல் வாங்கல் சட்டங்களைப் போதிக்கும்போது ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் சிரிக்கும் இடம் ஒன்று உண்டு. விற்கவிருக்கும் ஆட்டைச் சில நாட்கள் கறக்காமல், மடியைக் கட்டிவைத்து, பால் வற்றாத ஆடு போலச் சந்தையில் நிறுத்துவது பற்றிய பாடம் அது. நபி (ஸல்) அவர்கள் இச்செயலைத் தடுத்தார்கள். அவ்வாறு ஏமாந்து வாங்கியவர் விரும்பினால் ஆட்டை வைத்துக்கொள்ளலாம். விரும்பாவிட்டால், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தீர்ப்பும் வழங்கினார்கள். "இந்தக் காலத்தில் யார் ஆட்டு மடியைக் கட்டுகிறார்கள் ஆலிம்சா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

ஆட்டு மடியைக் கட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மையே. ஆனால் அந்த வேலை நிற்கவில்லை. இப்போது நாற்காலிக்குச் சாயம் பூசுகிறார்கள்.

கீழக்கரைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் பெண்ணுக்குத் திருமணம் நடந்தது. நம் கடற்கரை ஊர்களின் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்பவர். ஆகவே வீட்டை ஒழுங்குபடுத்தும் பாரம் முழுவதும் பெண்ணின் வாப்பா மீதும், வளைகுடாவில் வேலை செய்யும் காக்கா மீதும் விழுந்தது. பெரிய ஹோட்டல்களிலும் கைப்பேசிப் படங்களிலும் பார்த்த "சண்டிகர் நாற்காலி"யின் மீது அந்த இளைஞருக்கு ஆசை. நகரத்து வியாபாரி ஒருவரிடம் இரண்டு நாற்காலிகளை 1,40,000 ரூபாய்க்கு வாங்கி அனுப்பினார். "அரசு அலுவலகத்தில் கிடந்த அசல், ஏலத்தில் எடுத்தது, பின்பக்கம் இலாகா எண்கூட இருக்கிறது" என்பது வியாபாரியின் வாக்கு. அந்த வியாபாரி நம்மவர், ஐவேளைத் தொழுகையாளி.

ஒரு மாதம் கழிவதற்குள் உப்புக்காற்றில் ஒரு நாற்காலியின் பிரம்புப் பின்னல் ஓரத்திலிருந்து கழன்று வந்துவிட்டது. பாம்பனில் வள்ளம் கட்டும் ஆசாரி ஒருவரைப் பெண்ணின் உம்மா அழைத்துக் காட்டினார். அவர் நாற்காலியைக் கவிழ்த்து வைத்து ஐந்து நிமிடம் பார்த்தார். பிரம்பைச் சட்டத்தில் துளையிட்டு இழை இழையாகக் கையால் பின்னவில்லை. ஆலையில் நெய்த பிரம்புத் தாளை வெட்டிக் காடியில் பசை வைத்து அழுத்தியிருக்கிறார்கள். திருகாணிகளின் தலையில் இருப்பது இன்றைய கூட்டல்குறி வெட்டு. கால்களின் அடியில் தேய்மானம் இல்லை. ஆனால் கை வைக்கும் இடத்தில் மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பளபளப்பு. மரத்தை நகத்தால் கீறினால் சாயத்தின் கீழே வெளுப்பு. இலாகா எண்ணோ, புதுப் பாலிஷின் மேலேயே எழுதப்பட்டிருந்தது. "இதே வடிவத்தில் உண்மையான தேக்கில் ஒன்று 20,000 ரூபாய்க்கு நான் செய்து தந்திருப்பேனே அம்மா" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார்.

இந்த விவகாரம் என்னிடம் வந்தது. வியாபாரியுடன் நான் பேசினேன். அவர் கூறிய மூன்று சமாதானங்களை அதற்கு முன்பும் பலரிடம் நான் கேட்டிருக்கிறேன். ஜும்ஆவில் முதல் வரிசையில் அமர்பவர்களும் அவற்றைக் கூறுகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த நாற்காலியின் வரலாறு

சமாதானங்களுக்கு முன், பொருளை அறிந்துகொள்வோம். நாடு பிரிக்கப்பட்டபோது லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றது. இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகரம் தேவைப்பட்டது. பிரதமர் நேருவின் ஆதரவில் எழுந்த சண்டிகர் நகரை வடிவமைக்க லெ கொர்பூசியே 1951-இல் வந்தார். அவருடைய உறவினரான பியர் ஜன்னெரெ என்பவரும் வந்தார். இவர் 1965 வரை அங்கேயே தங்கிப் பணியாற்றினார். புதிய அலுவலகங்களுக்கும் நூலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் ஆயிரக்கணக்கில் இருக்கைகள் வேண்டியிருந்தன. ஜன்னெரெயும், யூலி சவுத்ரி முதலான இந்தியக் கட்டடக் கலைஞர்களும் அவற்றுக்கு வடிவம் கொடுத்தனர். தேக்கு, பிரம்பு, கவிழ்த்த "வி" போன்ற கால்கள்: உள்ளூர் மரமும் உள்ளூர்க் கையும் கொண்டு மலிவாகச் செய்ய இயன்ற எளிய நாற்காலி அது. குமாஸ்தாக்கள் உட்காருவதற்காகச் செய்யப்பட்டது. செய்தவர்கள் நம் நாட்டுத் தச்சர்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

பின்னர் இரும்பு நாற்காலியும் பிளாஸ்டிக் நாற்காலியும் வந்தன. இவை உடைசல்களாகக் கொல்லைப்புறங்களிலும் மொட்டை மாடிகளிலும் குவிந்து, கழிவுப் பொருளாக அற்ப விலைக்கு ஏலம் போயின. வெளிநாட்டு வியாபாரிகள் வாங்கிச் சென்று செப்பனிட்டு, ஐரோப்பிய, அமெரிக்க ஏல அரங்குகளில் இலட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்றார்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இத்தகைய பொருட்களுக்கு நூறாண்டு வயதை எதிர்பார்க்கிறது. அந்த வயதை எட்டாத நாற்காலிக்கு அதில் பாதுகாப்பில்லை. 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் இவற்றை விற்கத் தடை விதித்தபோது பெரும்பகுதி கைமாறிவிட்டது. அசலுக்கு விலை ஏறியது. ஏறியதும் போலிக்குச் சந்தை பிறந்தது.

வடக்கத்திக் கதை என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். பர்மாவிலும் இலங்கையிலும் வணிகம் செய்த நம் அப்பாமார்கள் கொண்டுவந்த ரங்கூன் தேக்குச் சாய்வு நாற்காலிகளை, "இடத்தை அடைக்கிறது" என்று சொல்லிப் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்தவர்கள் நாமும்தான். நாம் வீசியதற்கு அடுத்தவர் விலை வைத்த பின்னரே நமக்குக் கண் திறக்கிறது. அதன் பிறகு அசல் கிடைக்காமல் நகலை வாங்கி, அசல் என்று பெயரிட்டுக்கொள்கிறோம்.

மூன்று சமாதானங்கள்

முதல் சமாதானம்: "சந்தையில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். வாங்குபவருக்கும் அது தெரியும்."

வாங்குபவருக்குத் தெரியுமானால் 1,40,000 ரூபாய் கொடுத்திருப்பாரா? நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டபோது, மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். நனைந்ததற்காக அவர் கண்டிக்கப்படவில்லை. நனைந்ததை மேலே, மக்கள் கண்ணில் படும்படி வைக்காததற்காகவே கண்டிக்கப்பட்டார். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற எச்சரிக்கை வந்தது அந்த இடத்தில்தான். சந்தையின் வழக்கம் ஹராமை ஹலாலாக்குமானால், அளவில் மோசம் செய்வோரைக் கண்டித்து முதஃப்பிஃபீன் என்னும் அத்தியாயம் இறங்கியிருக்க வேண்டியதில்லை. எடையைக் குறைப்பதும் அன்றைய சந்தையின் வழக்கமாகத்தான் இருந்தது.

இரண்டாம் சமாதானம்: "நாற்காலி உறுதியாகத்தானே இருக்கிறது. உட்காருவதற்கு அசல் என்ன, நகல் என்ன? அவருக்கு என்ன நட்டம்?"

அப்படியானால் 20,000 ரூபாய்ப் பொருளை 20,000 ரூபாய்க்கு விற்றிருக்கலாமே! மீதிப் பணம் எதற்கான விலை? மரத்திற்கன்று, பிரம்புக்கன்று, "அசல்" என்ற ஒரு சொல்லுக்கு. அந்தச் சொல் பொய். ஆகவே மீதிப் பணம் பொய்யின் விலை. அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்கு உணவாக்குகிறோம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே கற்றறிந்த வியாபாரி ஒருவர் எதிர்க்கேள்வி கேட்கக்கூடும். என்னிடம் கேட்கவும் செய்தார். கண்ணாடித் துண்டை மாணிக்கம் என்று தானாகவே எண்ணிக்கொண்டு ஒருவர் அதிக விலைக்கு வாங்கினால், அவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை இல்லை என்று நம் ஷாஃபி சட்ட நூல்கள் கூறுகின்றனவே என்றார். உண்மை, கூறுகின்றன. ஆனால் அங்கே விற்றவர் மாணிக்கம் என்று சொல்லவில்லை, அப்படித் தோன்றச் செய்யவுமில்லை. வாங்கியவரின் அவசரமே அவரைக் கெடுத்தது. அதே மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜைப் புரட்டிப் பாருங்கள். ஆலையை ஓட்டும் வாய்க்கால் நீரைத் தேக்கிவைத்து, வாங்குபவர் பார்க்கவரும் நேரத்தில் திறந்துவிட்டு, எப்போதும் இவ்வளவு நீர் ஓடுவதாகக் காட்டினால், மடி கட்டிய ஆட்டைப் போலவே அந்த வியாபாரத்தையும் முறிக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு. வெளுத்த மரத்திற்குச் சாயம் ஏற்றுவதும், புது நாற்காலியில் பழைய இலாகா எண்ணை எழுதுவதும் தேக்கிவைத்த நீரைத் திறந்துவிடுவது அல்லாமல் வேறென்ன? இங்கு வாயாலும் சொல்லப்பட்டது, கையாலும் செய்யப்பட்டது.

மூன்றாம் சமாதானம் சற்றுக் கவர்ச்சியானது: "அந்த அசல்களே நம் நாட்டிலிருந்து அடிமாட்டு விலைக்கு அள்ளிப் போனவை. செய்தவர் நம் தச்சர். வெள்ளைக்காரர் பெயருக்கு நாம் ஏன் மரியாதை கொடுக்க வேண்டும்?"

முதல் பாதியில் நியாயம் உண்டு. பெயரில்லாத தச்சரின் உழைப்பில் வேறு யாரோ செல்வந்தரானார்கள். ஆனால் இந்த வியாபாரி அந்தத் தச்சருக்கு என்ன செய்தார்? தம் பட்டறையில் நகலைச் செய்த தச்சரின் பெயரையும் மறைத்துவிட்டார். "எங்கள் ஊர்த் தச்சர் செய்தது" என்று பெருமையுடன் எழுதி விற்றிருந்தால் அவருடைய வாதத்திற்கு ஒரு பொருள் இருந்திருக்கும். அவரோ அதே வெளிநாட்டுப் பெயரை நாற்காலியின் முதுகில் ஏற்றிப் பணம் வாங்கினார். பெயருக்கு மரியாதை இல்லை என்றால், பெயருக்கு ஏன் விலை?

நகல் செய்வதே ஹராமா?

"அப்படியானால் நகல் செய்வதே கூடாதா ஆலிம்சா?" என்று அந்த இளைஞர் கேட்டார். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஹராமாக்கும் ஆள் நானல்லன். இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: ஒன்று வடிவம், மற்றொன்று பெயர்.

வடிவத்தைப் பொறுத்தவரை, நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் பதிவு செய்யப்பட்ட வடிவத்திற்கு 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் பாதுகாப்புத் தருகிறது. 1950-களின் நாற்காலி வடிவத்தைப் பார்த்து இன்று ஒரு தச்சர் இங்கே செய்வதில் அந்தச் சட்டத்தின் தடை இல்லை. பிற நாடுகளில் நிலைமை வேறு. சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1956-இல் வெளியிட்ட புகழ்பெற்ற தோல் சாய்வு நாற்காலியை இன்றும் அமெரிக்காவில் ஹெர்மன் மில்லரும் ஐரோப்பாவில் விட்ராவும் உரிமையுடன் செய்கின்றன. பிரிட்டனில் 2016-இல் சட்டம் மாற்றப்பட்ட பின், கலைப் படைப்பாகக் கருதப்படும் இத்தகைய பொருட்களுக்கு, படைத்தவர் இறந்து 70 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. தாராளமாக நகல் விற்றுவந்த கடைகள் அதனால் நின்றன. ஒரு நாட்டின் சட்டத்திற்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டு அங்கே பிழைக்கும் முஸ்லிம் அந்த ஒப்பந்தத்தைப் பேண வேண்டும்.

பெயரைப் பொறுத்தவரை எந்த நாட்டிலும் சலுகை இல்லை. 1988-இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகப் பெயர், வணிகக் குறியீடு, எழுத்துரிமை, கண்டுபிடிப்பு உரிமை ஆகியவை மார்க்கத்தின் பார்வையில் உரிமையாளரின் சொத்து, அவற்றை மீறுவது கூடாது என முடிவு செய்தது. ஆகவே சுருக்கம் இதுதான்: அனுமதிக்கப்பட்ட வடிவத்தைச் செய்யுங்கள், விற்பனை செய்யுங்கள், அது நகல் என்று சொல்லுங்கள். சொன்னால் ஹலாலான தொழில். சொல்லாமல் விட்டால் மடி கட்டிய ஆடு.

வாங்குபவருக்கும் ஒரு சொல்

விற்பவரை மட்டும் கண்டித்துவிட்டு நான் எழுந்துவிட்டால் அது நீதியாகாது. அந்தப் பொய்யை வாங்கக் காத்திருப்பவர்கள் நாம்.

நகலை நகல் என்று தெரிந்தே வாங்கி, விருந்தினர் வரும்போது "அசல்தான்" என்று சொல்பவர்களும், சொல்லாமல் புன்னகைத்து நம்பவிடுபவர்களும் நம் வீடுகளில் இல்லையா? தமக்குக் கிடைக்காததைக் கிடைத்ததாகக் காட்டிக்கொள்பவரை, பொய்யால் ஆன இரண்டு ஆடைகளை உடுத்தியவருக்கு நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டார்கள். இப்போது அந்த ஆடைகளுக்கு நான்கு கால்கள் முளைத்திருக்கின்றன. வியாபாரி ஒருமுறை பொய் சொன்னார். வரவேற்பறையில் போட்டவர் விருந்தினர் வரும்போதெல்லாம் சொல்கிறார்.

அசலையே வாங்குபவர்கள் தப்பித்துவிட்டதாக எண்ண வேண்டாம். உட்காருவதற்கு நாற்காலி வேண்டும். அழகாக இருப்பதிலும் குற்றமில்லை. உறுதியான பொருளுக்கு நல்ல விலை கொடுப்பது வீண் விரயமும் அன்று. ஆனால் குமாஸ்தாவுக்காகச் செய்த நாற்காலியை, சம்பந்தி வீட்டார் பார்த்து வியக்க வேண்டும் என்பதற்காகக் கடன் வாங்கி இலட்சத்திற்கு வாங்குவதற்கு என்ன பெயர் வைப்பது? அந்த வீட்டின் வாப்பா அந்தக் கல்யாணத்திற்காக எவ்வளவு கடன் பட்டார் என்பது எனக்குத் தெரியும், இங்கே எழுதமாட்டேன். நபி (ஸல்) அவர்கள் படுத்திருந்த பாயின் தடம் அவர்களின் விலாவில் பதிந்திருந்ததைக் கண்டு உமர் (ரலி) அவர்கள் அழுதார்கள். அந்தப் பாயைப் பற்றி மிம்பரில் கேட்டுக் கண் கலங்கிவிட்டு, மறுநாள் நாற்காலியின் பெயருக்காகப் பெண்ணைப் பெற்றவரின் கண்ணைக் கலங்க வைக்கிறோம்.

பாய் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடைப் பாய் நம் கடற்கரைக் கல்யாண வீடுகளுக்குப் புதிதன்று. தாமிரபரணிக் கரையின் கோரையை மெல்லிய இழைகளாகக் கிழித்து, சாயமேற்றி, மணமக்கள் பெயரையும் சேர்த்து நெய்யும் கைகள் பெரும்பாலும் நம் சமுதாயத்துப் பெண்களின் கைகள். மிக நுண்ணிய பட்டுப்பாய் ஒன்றுக்கு வாரக்கணக்கில் உழைப்பு செல்லும். அப்பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வேறு எங்கோ இயந்திரத்தில் நெய்த பாயைப் "பத்தமடை" என்று சொல்லி ஒருவர் விற்றால், அந்தச் சகோதரியின் கூலி பறிபோகிறது. அப்போது நமக்குக் கோபம் வருகிறதல்லவா? யாரோ ஒரு வெளிநாட்டுக்காரரின் பெயரைத் திருடும்போது வராத கோபம், நம் வீட்டுப் பெண்ணின் பெயரைத் திருடும்போது மட்டும் வருமானால், அது நீதி அன்று, வெறும் பாசம்.

மேலே குறிப்பிட்ட ஈம்ஸ் தம்பதியர் 1958-இல் இந்திய அரசின் அழைப்பில் இங்கு சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை அளித்தார்கள். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961-இல் உருவாக அதுவே அடிப்படையாயிற்று. இந்தியாவில் தாங்கள் கண்டவற்றுள் ஆக அழகியது என்று அவர்கள் அதில் எடுத்துக்காட்டியது மாளிகையை அன்று. நம் வீட்டுக் கிணற்றடியில் கிடக்கும் செம்பை. ஒருவர் உட்கார்ந்து வரைந்ததன்று, பல தலைமுறைக் கைகள் பயன்படுத்திப் பயன்படுத்தித் திருத்தியது என்பதே அவர்களின் வியப்பு. உலகமே எவருடைய நாற்காலிக்கு ஏங்குகிறதோ, அவர்கள் நாம் ஒழூச் செய்யும் செம்பைப் பார்த்து ஏங்கினார்கள். நாமோ அதைப் பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போடுகிறோம்.

செய்ய வேண்டியவை

விற்பவர்கள் பில்லிலேயே எழுதுங்கள்: எந்த மரம், எந்த ஆண்டில் செய்தது, அசலா நகலா. எழுதத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். பழையது என்று சொன்னால் கவிழ்த்துப் பாருங்கள். திருகாணி, பிரம்புத் துளை, காலின் அடி ஆகியவற்றை உங்கள் ஊர் ஆசாரியிடம் காட்டுங்கள். ஏமாற்றம் தெரிந்தால் அன்றே தெரிவியுங்கள். குறையை அறிந்த பின்னும் பயன்படுத்திக்கொண்டிருந்தால் நம் மத்ஹபில் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடும். ஆசாரி பார்த்துச் சொன்ன அன்றே அந்த வீட்டு உம்மா இரண்டு நாற்காலிகளையும் துணியால் மூடிவைத்து, யாரையும் உட்கார விடவில்லை. அது அவர் செய்த சரியான காரியம்.

அந்த விவகாரம் முடிந்த விதத்தையும் கூறிவிடுகிறேன். மூன்று முறை பேசிய பின் வியாபாரி முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக. பழைய வியாபாரம் முறிக்கப்பட்டது. அதன் பின், நாற்காலிகளைச் சுமந்துபோகும் செலவை எண்ணி, அவரே நியாயமான விலை ஒன்றைச் சொன்னார். குடும்பத்தார் விரும்பிப் புதிதாக வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவது பில்லில் அவர் தம் கையாலேயே "புதிதாகச் செய்த நகல்" என்று எழுதிக் கொடுத்தார். கழன்ற பிரம்பைப் பாம்பன் ஆசாரி துளையிட்டுக் கையால் பின்னித் தந்தார். சென்ற வாரம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை என்னை அதில் அமரச் சொல்லி, "நகல்தான் ஆலிம்சா, நல்லா உட்காருங்க" என்றார். நானும் நன்றாக உட்கார்ந்தேன்.

நம் வாயில் உண்மையையும், நம் வியாபாரத்தில் பரக்கத்தையும், நம் வீடுகளில் போதுமென்ற மனத்தையும் அல்லாஹ் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.